காருக்குப் போட்ட மாலை

மாமாவின் பழைய ஸ்போர்ட்ஸ் காரில் பிக் பிளாக் என்கிற ராட்சத இன்ஜின். ஏழு லிட்டர் என்பார். எங்கள் வேனில் ஏழு பேர் போகலாம், இன்ஜின் மூன்றே லிட்டர். இந்தக் காரிலோ இரண்டு பேருக்குத்தான் இடம். மீதி நான்கு லிட்டர் எதற்கு என்று கேட்டபடியே இருப்பேன். மிதித்தால் தெரியும் என்பார். எங்கள் ஊரான ரவுண்ட் ராக்கின் சிக்னல்கள் அவரை மிதிக்க விட்டதில்லை.

இப்படிக் கார் வைத்திருப்பவனுக்கு எவன் பெண் கொடுப்பான் என்பது அம்மாவின் கவலை. காரை விற்கச் சொல்லாத பெண்தான் வேண்டும் என்பது அவள் தம்பியான மாமாவின் பிடிவாதம். வந்த வரனெல்லாம் இதில் தட்டிப்போக, கடைசியில் ஃபிரிஸ்கோவிலிருந்து ஒரு குடும்பம் கோயிலில் சந்திக்கச் சம்மதித்தது. காரின் முகத்தில் ரவுடிக் களை தெரிகிறதாம் அம்மாவுக்கு. அம்மா கடையிலிருந்த சாமந்தியை எல்லாம் அள்ளிவந்து கட்டி, முன்பக்கக் கிரில்லே மறையும்படி ஒரு மாலையைத் தொங்கவிட்டாள். மாமா வேகமாக ஓட்டினால் போட்டுக்கொடுக்க என்னை அவர் பக்கத்தில் ஏற்றிவிட்டாள்.

ஆகஸ்ட் வெயில். பாதி வழியில் டெம்பரேச்சர் முள் சிவப்பைத் தொடப் போனது. மாமா சட்டென்று ஹீட்டரை முழுசாகத் திருப்பினார்.

"இன்ஜின் சூட்டை நம்ம பக்கம் இழுக்கறோம்டா."

எந்த வழியாக இழுக்கிறோம் என்று விசாரிக்க ஆசைதான். ஆனால் வெடித்தால் இன்ஜின் யார் மடியில் வந்து விழும் என்ற கேள்வி முந்திக்கொண்டது. அர்ச்சனைத் தேங்காயைக் கவசமாக நெஞ்சில் அணைத்தபடி, என் வீடியோ கேமைப் பக்கத்து வீட்டுப் பையனுக்கு மனசுக்குள் உயில் எழுதினேன். அடுத்த சிக்னலில், அவன் என் சைக்கிளை உடைத்தது ஞாபகம் வந்து ரத்து செய்தேன்.

கோயில் வாசலில் கார் நின்றதும் குதித்து ஓடி, அங்கே தன் அப்பா அம்மாவோடு நின்றிருந்த ஒரு ஆன்ட்டியிடம், கிட்டே போகாதீங்க, வெடிக்கப் போகிறது என்று எச்சரித்தேன். அவர்தான் பெண் என்று எனக்கு யார் சொன்னார்கள்? அவர் நேரே காரிடம் போனார்.

"பிக் பிளாக்கா?"

மாமா தலையாட்டினார். வியர்வை தெறித்தது.

"இப்படி மூடி வெச்சா ரேடியேட்டருக்குக் காத்து எப்படிங்க போகும்? பாவம், மூச்சு முட்டுது."

சொல்லிக்கொண்டே மாலையைக் கழற்றினார். கழற்றியதை எங்கே வைப்பது? தரையில் போட மனசில்லை. என் கையிலோ தேங்காய். எங்கள் வேன் வந்து அப்பாவும் அம்மாவும் இறங்கும் நேரம் பார்த்து, மாமாவிடம் நீட்டினார்.

"கொஞ்சம் பிடிங்க."

மாமா கையை நீட்டவில்லை. தலையைக் குனிந்தார்.

ஆன்ட்டி ஒரு கணம் பார்த்தார். அப்புறம் சிரித்தபடி மாலையைக் கழுத்தில் போட்டுவிட்டார்.

அம்மா வாயில் கைவைத்து நின்றாள். பெண்ணின் அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். எல்லோரும் கார் வெடித்துவிடுமோ என்றுதான் உறைந்து நிற்கிறார்கள் என்று நினைத்து, ஆபத்து நீங்கிவிட்டது, தைரியமாக இருங்கள் என்று ஒவ்வொருவரிடமும் போய்ச் சொன்னேன்.

மாமாவின் முகம் மட்டும் இன்னும் சிவந்தே இருந்தது. ஹீட்டரை அணைக்க மறந்துவிட்டாரோ என்று ஓடிப்போய்க் காருக்குள் பார்த்தேன். அணைத்துத்தான் இருந்தது.