ஈரோட்டு ஃபேன்

டெல்லியில் எங்கள் லோதி ரோடு குவார்ட்டர்ஸில் ரேடியோ கேட்பதும் மீன் சந்தையில் கச்சேரி கேட்பதும் ஒன்றுதான். மேல் வீட்டு ஸ்டெபிலைசர் ஒரு பக்கம் கரகரக்கும்; கீழ் வீட்டு டியூப்லைட் இன்னொரு பக்கம் சீறும். மொட்டை மாடியில் ஏரியல் கம்பி கட்டினாலோ, டிவியில் கோடு விழுகிறது என்று நாலு பேர் சண்டைக்கு வந்துவிடுவார்கள். நானோ லைசென்ஸ் வாங்கிய ஹாம் ரேடியோக்காரன். முகம் தெரியாத மனிதர்களோடு வானலையில் பேசுவதுதான் என் ஒரே கிறுக்கு. எனவே தொண்ணூறுகளில், ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும், நானே கட்டிய சின்ன செட்டையும் ஸ்கூட்டர் பேட்டரியையும் சைக்கிள் கேரியரில் கட்டிக்கொண்டு பூங்காவுக்குக் கிளம்பிவிடுவேன்.

"ஆத்துல இருக்கறவாளோட பேச ஆளைக் காணோம், ஊர்பேர் தெரியாதவனோட பேசக் குளிர்ல ஓடறதைப் பாரு," என்பாள் மனைவி. "ஜல்தி வந்து சேருங்கோ."

பூங்காவின் நடுவே பழைய சுல்தான்களின் கல்லறைகள். அவற்றுக்குப் பின்னால் ஒரு வேப்பமரம். கயிற்றில் கல்லைக் கட்டி, கிளைக்கு மேல் எறிந்து, ஏரியல் கம்பியை இழுத்துக் கட்டுவேன். காவலாளி முதல் நாள் "யே க்யா ஹை?" என்று அதட்டினார். லைசென்ஸைக் காட்டிய பிறகு, எந்தக் கிளை உயரம் என்று அவரே யோசனை சொல்ல ஆரம்பித்துவிட்டார்.

அங்கேதான் எனக்கு ஈரோட்டுக்காரர் கிடைத்தார். ஓய்வுபெற்ற மனிதர், டெல்லியைப் பார்த்ததே இல்லை. தொண்டையை ஒருமுறை கனைத்துவிட்டு, "பார்க் சாருங்களா? இன்னைக்கு அங்க என்னங்க விசேஷம்?" என்பார். கல்லறை மேல் உட்கார்ந்திருக்கும் மயிலை, வட்டமாக நின்று வேண்டுமென்றே சிரித்து உடற்பயிற்சி செய்யும் பெரியவர்களை, மப்ளருக்குள் மூக்கைத் தொலைத்தவர்களை ஒவ்வொன்றாகச் சொல்வேன். "அப்புறங்க?" என்று கேட்டுக்கொண்டே இருப்பார்.

அவர் குரலுக்குப் பின்னால் எப்போதும் ஒரு ஃபேன் ஓடும். டக்... டக்... டக்.

"சார், உங்களைவிட அதுதான் தெளிவா கேக்கறது. முதல்ல அதை மாத்துங்கோ."

"ஓடற மட்டும் ஓடட்டுங்க. அதுக்கும் எனக்கும் ஒரே வயசு."

அவரிடம் இன்னொரு தொல்லையும் உண்டு. எங்கள் செட்டில் பேசுகிறவருக்கு எதிராளியின் குரல் கேட்காது. மைக்கின் பொத்தானை அழுத்தினால் பேசலாம், விட்டால்தான் கேட்கலாம். அவருடைய மேஜை மைக்கில் பொத்தானை அழுத்தியபடியே பூட்டி வைக்க வசதி இருந்தது. விரல் வலிக்கிறதாம், பூட்டிவிட்டு மேடைப் பிரசங்கம் மாதிரி பேசுவார். திறக்க மறந்துவிடுவார். நான் இங்கே தொண்டைத் தண்ணீர் வற்றக் கத்திக்கொண்டிருப்பேன்.

ஒரு குளிர்காலத்தில் சில வாரங்களாக அவரைக் காணவில்லை. எனக்குக் கோபம்தான் வந்தது. வரமாட்டேன் என்றால் வரமாட்டேன் என்று முன்வாரமே சொல்லித் தொலைக்க வேண்டாமா மனுஷன்?

பிறகு ஒரு ஞாயிறு. மூடுபனியில் கல்லறைகள்கூடத் தெரியவில்லை. ஹெட்போனில் அந்தச் சத்தம் வந்தது. டக்... டக்... டக்.

"வாங்கோ, வாங்கோ! எங்கே ஒழிஞ்சு போனேள்?" என்றேன். ஃபேன் மட்டும் ஓடியது. சரி, மைக்கைப் பூட்டிவிட்டுத் தூங்கிவிட்டார் என்று சிரித்துக்கொண்டேன். கொஞ்ச நேரத்தில் ஃபேன் சட்டென்று நின்றது. கூப்பிட்டுப் பார்த்தேன், வெறும் இரைச்சல்.

அடுத்த ஞாயிறும் அப்படியே. ஆனால் இந்த முறை உற்றுக் கேட்டேன். கனைப்பு இல்லை. ஒரு டம்ளரை வைக்கும் சத்தம். நாற்காலி நகரும் சத்தம். பிறகு ஒரு பெருமூச்சு. அது அவருடைய மூச்சு இல்லை. ஆள் இல்லாத அறை ஒன்று ஈரோட்டிலிருந்து என் காதுக்குள் வந்து உட்கார்ந்துகொண்ட மாதிரி இருந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், பயந்துபோனேன். கம்பியைக்கூடச் சரியாகச் சுருட்டாமல் வீட்டுக்கு வந்தேன்.

மூன்றாவது ஞாயிறு போகவே கூடாது என்றிருந்தேன். போனேன். ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. அதற்கு மேல் ஒரு பெண் குரல் வந்தது.

"பார்க் சாருங்களா? நான் அவரு வீட்டுக்காரிங்க. அவரு போயிட்டாருங்க. தை பொறக்கறதுக்கு முன்னாலயே போயிட்டாரு."

"ஐயோ அம்மா!" என்று பொத்தானை அழுத்திக் கத்தினேன். விட்டதும் அந்த அம்மாவின் குரல் தொடர்ந்தது.

"உங்களுக்குச் சொல்லோணும்னு மூணு வாரமா இந்தப் பெட்டியைப் போட்டுட்டு உக்காந்து பாக்கறேனுங்க. அவரு உக்காந்தா உடனே உங்க குரல் வருமே. எனக்கு ஒண்ணுமே கேக்க மாட்டேங்குது."

எனக்குப் புரிந்துவிட்டது. பாவி மனுஷன் கடைசியாகப் பேசியபோது மைக்கைப் பூட்டியவர் திறக்காமலே போயிருக்கிறார். அந்த அம்மாவுக்கு அது தெரியாது. அவர் செட்டைப் போட்டதுமே அறை முழுவதும் எனக்குக் கேட்கும். என் குரல் அங்கே ஒரு நாளும் போகாது.

"மைக்கைத் திறங்கோம்மா! அந்தப் பொத்தானைத் திறங்கோ!" கேட்காது என்று தெரிந்தே கத்தினேன். சிரித்துக்கொண்டிருந்த பெரியவர்கள் நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள். காவலாளி ஓடி வந்து, "க்யா ஹுவா, சாப்?" என்றார். என்னத்தைச் சொல்ல? பையனோடு போகிறேன், நாளைக்கு வீட்டைக் காலி செய்கிறோம், பெட்டியை யாரோ எடுத்துக்கொண்டு போகிறார்கள் என்று அந்த அம்மா சொல்லிக்கொண்டே போனார்.

"மழையோ குளிரோ, பார்க் சார் வராம இருக்க மாட்டாருன்னு சொல்லுவாருங்க." டம்ளரை வைக்கும் சத்தம் வந்தது. "மூணு வாரமா சத்தத்தைக் காணோம். அப்போ நீங்களும் போயிட்டீங்களாட்ட இருக்குது."

"இருக்கேம்மா! இங்கேதான் இருக்கேன்!"

"அங்க அவரைப் பாத்தீங்கன்னா, ஃபேன் இன்னும் ஓடுதுன்னு சொல்லுங்க."

அதோடு அறை நின்றது.

ஹாம்களின் விலாசப் புத்தகத்தில் இருந்த அவருடைய விலாசத்துக்குக் கடிதம் போட்டேன். ஆள் இல்லை என்று திரும்பி வந்தது. அதற்குப் பிறகு எத்தனையோ பேரோடு பேசியாயிற்று. ஒருவர் கொடுத்த செய்தியை உரியவரிடம் சேர்க்காமல் விடுவது எங்கள் கூட்டத்தில் பெரிய குறை. இப்போது எனக்கும் ஈரோட்டுக்காரரின் வயது ஆகிறது. அந்த அம்மா கொடுத்த செய்தி இன்னும் என்னிடம்தான் இருக்கிறது, சேர்த்துவிடுவேன்.