விழுந்தால் யார் தூக்குவது?

தவக்காலத்தின் இரண்டாம் வெள்ளியன்று குளியலறை வாசலில் என் அப்பா வழுக்கி விழுந்தார். அவருக்கு எழுபத்தொரு வயது. வலது தொடை எலும்பு இடுப்பருகே முறிந்துவிட்டது. பக்கத்துப் பீங்கான் பட்டறையில் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்ததால் நான் கூப்பிட்டது யாருக்கும் கேட்கவில்லை. அவரைத் தூக்க என்னால் இயலவில்லை. மதிய உணவுக்காகப் பட்டறை நிற்கும்வரை அவருடைய தலையை மடியில் தாங்கித் தரையில் உட்கார்ந்திருந்தேன்.

அம்மா இறந்து மூன்று ஆண்டுகள் ஆகின்றன. நான் ஒரே மகள். தமிழ் இலக்கியம் முதுகலை படிக்கிறேன். புதுச்சேரியில் அறுவைச் சிகிச்சை செய்து கம்பி வைத்தார்கள். எலும்பு கூடிவிட்டது, இனி நடக்காவிட்டால் தசைகள் வலுவிழந்து படுக்கையே நிரந்தரமாகிவிடும் என்று மே மாத இறுதியில் மருத்துவர் சொன்னார்.

செவ்வாயும் வெள்ளியும் பெண்ணாடத்திலிருந்து இயன்முறை மருத்துவர் சுமதி அக்கா பேருந்தில் வருவார். படுத்தபடி செய்யும் பயிற்சிகளை அப்பா ஒழுங்காகச் செய்தார். நிற்க மட்டும் மறுத்தார். படுத்துக் கிடந்தால் விழமாட்டேன் அல்லவா என்பது அவர் வாதம்.

"கட்டில்லேருந்தும் விழலாங்க அய்யா" என்றார் அக்கா. அப்பா சிரிக்கவில்லை.

அன்று மாலை என்னிடம் சொன்னார்: "நான் விழுந்தா யாரு பாப்பா தூக்குறது? நீ ஒருத்தி. நீயும் காலேஜுக்குப் போயிட்டா வூட்டுல யாரு இருக்குறா?"

கல்லூரிக்குப் போவதை எப்போதோ நிறுத்தியிருந்தேன். பார்க்க வருபவர்களும் குறைந்துவிட்டார்கள். ஒரே வீட்டில் நாங்கள் தனித்தனியே பயந்துகொண்டிருந்தோம். செபமாலை முடிந்ததும், "ஆண்டவரே, அவரைத் தூக்க ஓர் ஆளை அனுப்பும்" என்று மட்டும் கேட்பேன். ஜூன் போயிற்று, ஜூலையும் போயிற்று. ஒருவரும் வரவில்லை. கடவுள் கேட்கவில்லை என்றே எண்ணினேன்.

ஆகஸ்டில் ஒரு நாள் வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்த அக்காவிடம், அப்பா அன்று கேட்டதை அப்படியே சொன்னேன். அதுவரை அதை யாரிடமும் சொன்னதில்லை. அவர் தலையை அசைத்துவிட்டுப் போய்விட்டார்.

அடுத்த முறை, புதுச்சேரி மருத்துவரிடம் அனுமதி கேட்டுக்கொண்டு வந்து, தரையில் பாய் விரிக்கச் சொன்னார். "இன்னிக்கு நடக்க வேணாங்க அய்யா. விழுந்தா எப்படி எந்திரிக்கிறதுன்னு மட்டும் பாப்போம்."

நாங்கள் இருவரும் தாங்கி அப்பாவைப் பாயில் படுக்கவைத்தோம். அவர் ஒருக்களித்து, கைகளை ஊன்றி, நாற்காலிவரை தவழ்ந்தார். வலது முழங்கால் தரையில், இடது பாதம் முன்னால் என்று அக்கா சொல்லச் சொல்லச் செய்தவர், அந்த நிலையிலேயே அசையாமல் இருந்துவிட்டார். வலியோ என்று பதறினேன்.

"இது கோயில்ல பேழைக்கு முன்னாடி பண்றதுதான பாப்பா?"

அக்கா இந்து, அவருக்குப் புரியவில்லை. கோயிலுக்குள் நுழைந்ததும் நற்கருணைப் பேழையை நோக்கி வலது முழங்காலை ஊன்றி வணங்கி எழுவது எங்கள் வழக்கம் என்று விளக்கினேன்.

"அப்ப தெரிஞ்சதுதான. எந்திரிங்க."

அப்பா சிலுவை அடையாளம் வரைந்தார். நாற்காலியைப் பற்றி எழுந்து நின்றார். நாங்கள் இருவரும் அவரைத் தொடவில்லை. நான் அடுக்களைக்குள் போய் அழுதேன்.

மறுநாள் வாக்கரைப் பிடித்து வாசல்வரை நடந்தார். இப்போது கைத்தடியே போதும். நான் கல்லூரிக்குப் போகிறேன். வகுப்பில் கைப்பேசி அதிர்ந்தால் நெஞ்சு இன்னும் பதறத்தான் செய்கிறது. எங்கள் மாலை நேரங்களும் முன்போலவே பேச்சற்றவைதான். ஆயினும் அந்த மௌனத்தில் அச்சம் இல்லை. தூக்க ஆள் கேட்டேன். ஆண்டவர் அப்பாவையே எழச் செய்தார். அந்த ஆண்டவருக்கு என் நன்றி.

தனியே செபிக்கும் சகோதர சகோதரிகளே, கேட்பதை நிறுத்தாதீர்கள். ஆண்டவரிடம் சொல்வதை மனிதர் ஒருவரிடமும் வாய்திறந்து சொல்லுங்கள். வாசலில் நான் தயங்கிச் சொன்ன ஒரு வாக்கியத்தின் வழியாகத்தான் அவர் எங்கள் வீட்டுக்குள் வந்தார்.