பூஜ்யத்துக்குப் பயந்தவர்

"ஏலே, தண்ணி எம்புட்டு நிக்கு?"

ரிசீவரை ஒரு காதில் அழுத்தி, மறு காதை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு வைகுண்டராஜ் கத்துகிறார். ராஜபாளையத்தில் நான் நடத்தும் எஸ்.டி.டி. பூத் அதிர்கிறது. வரிசையில் நிற்பவர்கள் தோட்டத்துக் கிணற்றைக் கேட்கிறார் என்று நினைத்துக்கொள்வார்கள். அவர் கேட்பது கடல் தண்ணீரை.

தெற்கே ஒரு துறைமுகத்தில் வேலை. அதன் பெயரை எழுத வேண்டாம் என்று கெஞ்சிக் கேட்டுக்கொண்டார். அங்கே கடலுக்குள் நிற்கும் தூணில் ஓர் அளவுப் பலகை உண்டு. அலை ஏறும்போது எவ்வளவு, இறங்கும்போது எவ்வளவு என்று பார்த்து, இரண்டுக்கும் நடுவைக் கண்டுபிடித்துச் சொல்ல வேண்டும். மாதம் ஒரு வாரம் விடுப்பில் ஊருக்கு வருவார். வந்தாலும், உதவியாள் கண்ணுச்சாமி பலகையை வாசிப்பதைப் போனில் கேட்ட பிறகுதான் காலை டீ இறங்கும்.

வேடிக்கை என்னவென்றால், மனிதர் இன்றுவரை முழங்காலுக்கு மேல் கடலில் இறங்கியதில்லை. நீச்சல் தெரியாது. "ஏணியில நின்னு குனிஞ்சாலே ஈரக்குலை நடுங்கும் சார். நடுங்கிக்கிட்டேதான் வாசிப்பேன்" என்பார்.

உயரம், ஆழம் என்று யார் வாயைத் திறந்தாலும் விட மாட்டார். பிளவக்கல் அணையில் முப்பது அடி தண்ணீர் என்று ஒருவர் பெருமையடித்தார். "எதுல இருந்து முப்பது?" என்று மடக்கினார் இவர். நான் சிரித்துவிட்டேன்.

"சிரிக்காதிய சார். கப்பல்காரங்க வச்சிருக்க படத்துல கடலோட ஆழம் போட்டிருக்கும். அதோட நாங்க சொல்லுற தண்ணியக் கூட்டித்தான் கப்பல உள்ள கொண்டுவாராங்க. ரெண்டுக்கும் பூஜ்யம் ஒண்ணா இருக்கணும். கரையில ஒரு கல்லுல பித்தளைக் குமிழ் பதிச்சிருக்கு. அதுலருந்து அளந்து எறக்கித்தான் பலகைய மாட்டணும். செத்தக் கீழ போனாலும் போச்சு, இல்லாத தண்ணிய இருக்குன்னு சொல்லிருவோம்."

போன ஐப்பசியில் ஒருநாள், கண்ணுச்சாமி சொன்ன அளவைக் கேட்டதும் அவர் முகம் வெளிறிப்போனது.

"காத்து அடிக்காலே?"

"இல்ல அண்ணாச்சி." எதிர்முனைக் குரல் எனக்கே கேட்டது.

"பொறவு எப்படி இம்புட்டு ஏறும்?"

"தோணி இடிச்சுப் பலகை விழுந்துட்டு அண்ணாச்சி. நேத்துத்தான் திரும்ப மாட்டுனேன். தூணுக்கு அடியில சிமெண்டுத் திண்டு இருக்குல்லா, அதுல நல்லா ஊணி விட்டுட்டேன். இனி அசையாது."

கண்ணுச்சாமிக்கு ஊர் வ. புதுப்பட்டி. வேலிக்கால் ஊன்றிப் பழகிய கை. ஊன்றியது ஆடக்கூடாது என்பதில்தான் அவனுக்குக் கவனம்.

"ஏலே, பலகை ஒரு சாண் கீழ போயிருச்சுலே! மத்தியானம் கப்பல் வருதுல்லா? ஓடிப்போய் நிப்பாட்டச் சொல்லு!"

லைன் அறுந்துவிட்டது. அவன் காதில் விழுந்ததா என்று தெரியவில்லை.

மறுபடி போட்டோம். எங்கேஜ்டு. இன்னொரு தடவை போட்டோம். அதே சத்தம்தான்.

"கப்பல் அடி தட்டுனா கிழிஞ்சிரும் சார். உள்ள ஆளுக இருக்காங்க" என்றார். கடலையே சரியாகப் பார்த்திராத நான், முகம் தெரியாத யாருக்காகவோ மறுபடி மறுபடி அதே எண்ணைப் போட்டுக்கொண்டிருந்தேன்.

அவர் ஸ்டூலில் உட்கார்ந்தார். வேட்டியைச் சுருட்டிக்கொண்டு இரண்டு கால்களையும் மேலே தூக்கி வைத்துக்கொண்டார். தரையில் ஒரு சொட்டு ஈரமில்லை. அவரைப் பார்த்து அன்று யாரும் சிரிக்கவில்லை.

வெயில் ஏறி, கடைவாசல் நிழல் சுருங்கிய பிறகு மணி அடித்தது.

"நீங்க எடுங்க சார். என்னால ஏலாது."

எடுத்தேன். கண்ணுச்சாமிதான். மூச்சு இரைத்தது. "கப்பல வெளியவே நிப்பாட்டியாச்சு. ஒண்ணும் ஆகல. அண்ணாச்சிட்டச் சொல்லிருங்க."

சொன்னேன். வைகுண்டராஜ் ஒரு காலை மெல்ல இறக்கிக் கட்டைவிரல் நுனியால் என் கடைத் தரையைத் தொட்டுப் பார்த்தார். சட்டென்று மேலே இழுத்துக்கொண்டார்.