முரளியின் மெழுகு ஜாக்கெட்

போன வாரம் பெங்களூரில் அடித்த மழையில் நீங்களும் நனைந்திருப்பீர்கள். என் தம்பி மனைவி செல்வியும் நனைந்தாள். எலெக்ட்ரானிக் சிட்டி ஆபீஸிலிருந்து ஸ்கூட்டரில் அல்சூர் வந்து சேர்வதற்குள் தொப்பலாகிவிட்டாள். இத்தனைக்கும் போட்டிருந்தது மழை ஜாக்கெட்!

மறுநாள் அம்மா எனக்கு போன் செய்தாள்.

"அந்தக் கோட்டைப் போட்டுக்கினு முரளி ஒருநாள் கூட நனைஞ்சதில்ல. இவளை மட்டும் ஏன்டி இப்படி நனைக்குது?"

காரணம் அம்மாதான். அது அம்மாவுக்கே தெரியாது.

முரளி என் தம்பி. பீன்யாவில் ஒரு தொழிற்சாலையில் இன்ஜினீயர். கம்பெனி இங்கிலாந்துக்கு டிரெயினிங் அனுப்பியபோது, அங்கே ஒரு பழைய துணிக் கடையில் இந்த ஜாக்கெட்டை வாங்கி வந்தான். ரெக்ஸின் இல்லை, பிளாஸ்டிக் இல்லை — பருத்தித் துணிதான், மெழுகு ஏற்றியது. மெழுகு இருக்கும்வரை தண்ணீர் உள்ளே இறங்காது. வருஷா வருஷம் மழைக்காலத்துக்கு முன்னால் புதிதாக ஏற்ற வேண்டும். சோப்பும் வெந்நீரும் மட்டும் ஆகவே ஆகாது.

அந்த ஒருநாள் சமையலறை அவன் கைக்குப் போய்விடும். அம்மா திட்டிக்கொண்டே கூடத்துக்குப் போய்விடுவாள். ஷூவுக்குப் பாலிஷ் போடுகிற மாதிரி ஏதோ செய்கிறான் என்பது அவள் நினைப்பு. ஆனால் அவன் வண்டியை எடுக்கும்போது கழுத்துப் பட்டனைப் போட்டுவிடுவது அவள்தான். கல்யாணமான பிறகும் அவன் குனிந்து காட்டுவான்.

இந்த ஜனவரியில் முரளி போய்விட்டான். நெஞ்சு வலிக்கிறது என்று ஆட்டோவில் ஏறியவன்... நாற்பது வயது கூட ஆகவில்லை. இதற்கு மேல் என்னால் எழுத முடியவில்லை.

சாவு வீட்டில் என்ன செய்வோம்? இறந்தவர் உடுத்திய துணிகளையெல்லாம் நனைத்துப் போடுவோம். அம்மாவும் அதைத்தான் செய்தாள். கதவுக்குப் பின்னால் தொங்கிய ஜாக்கெட் பிசுபிசுவென்று இருந்தது. என் பிள்ளை துணியில் இத்தனை அழுக்கா என்று வெந்நீரில் சோப்புத் தூள் போட்டு ஊறவைத்து, கல்லில் போட்டுத் தேய்த்தாள். அவனுக்குச் செய்கிற கடைசி வேலை என்று நினைத்திருப்பாள்.

செல்வி அதை வேண்டுமென்றேதான் கதவுக்குப் பின்னால் விட்டுவைத்திருந்தாள். அதில் அவன் வாசனை இருந்தது. வெளுத்துப்போய்க் கொடியில் தொங்குவதைப் பார்த்தாள். அன்றிலிருந்து ஒரே வீட்டில் மாமியாரும் மருமகளும் — சாப்பாடு இருக்கிறது, பால் வாங்கியாயிற்று — அவ்வளவுதான் பேச்சு. அம்மா அதைத் துக்கம் என்று எடுத்துக்கொண்டாள். அதுவும் துக்கம்தான், இல்லையா?

மறைத்து என்ன ஆகப்போகிறது? அம்மாவிடம் போனிலேயே சொல்லிவிட்டேன்.

"அதனாலதான் அவ எங்கிட்ட பேசறதில்லையா?" என்று மட்டும் கேட்டுவிட்டு வைத்துவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை வருகிறேன், மெழுகு ஏற்றிவிடலாம் என்று செல்வியிடம் சொன்னேன். நனையும் என்று தெரிந்தேதான் போட்டுக்கொண்டு போயிருக்கிறாள். அவளை என்ன சொல்வது?

நான் போனபோது எல்லாம் தயாராக இருந்தது. நாட்டு மருந்துக் கடையில் வாங்கிய தேன்மெழுகு, மெழுகுவர்த்தித் துண்டுகள், கொஞ்சம் பெட்ரோலியம் ஜெல்லி — முரளியின் கலவை. டப்பாவில் போட்டு, கொதிக்கும் தண்ணீர்ப் பாத்திரத்துக்குள் வைத்து உருக்க வேண்டும். நேராக அடுப்பில் வைத்தால் தீப்பிடிக்கும். பழைய பனியன் துணியில் தொட்டு, சூடு ஆறுவதற்குள் தேய்க்க வேண்டும். தையல் ஓரங்களில் கூடுதலாக. பிறகு ஹேர் டிரையரைக் காட்டினால் மெழுகு துணிக்குள் இறங்கிவிடும்.

மெழுகு உருகியது. செல்வியின் கை அப்படியே நின்றுவிட்டது.

"அண்ணி... இதுதான் அவரு வாசனை."

முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். முரளி போன அன்று கூட அவள் இப்படி அழுது நான் பார்க்கவில்லை. அவன் வாசனை என்று அவள் நினைத்ததில் பாதி, மெழுகு! அந்தப் பாதி கிடைத்துவிட்டது. மீதிப் பாதி போனது போனதுதான். அதை எந்தக் கடையில் போய் வாங்குவது?

சத்தம் கேட்டு அம்மா வந்தாள். கொஞ்ச நேரம் நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு கீழே உட்கார்ந்து ஒரு பனியன் துணியை எடுத்துக்கொண்டாள்.

"தெரியாம பண்ணிட்டேம்மா. எங்க தேய்க்கணும், சொல்லு."

செல்வி ஜாக்கெட்டின் ஒரு கையை அம்மா பக்கம் நகர்த்திவைத்தாள். ஆளுக்கு ஒரு கையாக இருவரும் தேய்த்தார்கள். டிரையர் என்னிடம். கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு நிற்க, எங்கே காட்டுகிறேன் என்றே தெரியாமல் காட்டிக்கொண்டிருந்தேன்.

அன்று அங்கேயே தங்கிவிட்டேன். காலையில் வானம் மூடிக்கொண்டிருந்தது. செல்வி ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு சாவியை எடுத்தாள். வாசல் வரை போனவள் திரும்பி வந்து, அம்மா எதிரில் குனிந்து நின்றாள்.

"பட்டன் போட்டு விடுங்க, அத்தை."

அன்று மழையே வரவில்லை. வந்திருந்தால்தான் என்ன?