அருளப்பன் திருடிய மூச்சு

விருத்தாசலத்தில் பீங்கான் சூளையில் வேலை பார்த்த அருளப்பனை 'சடுகுடு அருளப்பன்' என்றால்தான் ஊருக்குத் தெரியும். 1962 பொங்கல் போட்டியில், இடுப்பைக் கட்டிப் பிடித்த ஆளையும் இழுத்துக்கொண்டு வந்து நடுக்கோட்டைத் தொட்டு ஜெயித்தவன். கோட்டுக்கு ஒரு முழம் இருக்கும்போது கள்ளத்தனமாக ஒரு மூச்சு இழுத்துக்கொண்டது அவனுக்கு மட்டும்தான் தெரியும்.

பிடித்திருந்தவன் கருவேப்பிலங்குறிச்சி கலியபெருமாள். "மூச்சு வாங்கிட்டான், மூச்சு வாங்கிட்டான்!" என்று கத்தினான். நடுவர் ஒத்துக்கொள்ளவில்லை. பிடியை விட்டுவிட்டுப் புளுகுகிறான் என்று அவன் ஊர்க்காரர்களே ஏசினார்கள். அதற்குப் பிறகு அவன் களத்தில் இறங்கவே இல்லை.

வெறும் ஆட்டம்தானே, இதிலென்ன பாவம் என்று அருளப்பன் தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டான். மாதாகோயில் சாமியாரிடம் பாவங்களை ஒப்புக்கொள்ளும் பாவசங்கீர்த்தனத்தில் பெண்டாட்டியைத் திட்டியதைச் சொல்வான், பூசைக்கு வராததைச் சொல்வான், இதை மட்டும் விழுங்கிவிடுவான். பெரிய கெட்டிக்காரன், கடவுளிடமே பொறுக்கியெடுத்துச் சொன்னவன்!

1974இல் ஒருநாள் பெண்ணாடம் பஸ்ஸில் கண்டக்டர் ஒரு ஆளைப் பார்த்து, "யோவ் புளுகரே, உள்ள தள்ளிப் போங்க" என்றார். அந்த ஆள் கோபமே படாமல் நகர்ந்தான். பார்த்தால் கலியபெருமாள். அந்தப் பெயர் இத்தனை வருஷமாக அவனோடு ஒட்டிக்கிடப்பதை அருளப்பன் அப்போதுதான் கண்டான். அந்த வாரமே சாமியாரிடம் எல்லாவற்றையும் கொட்டினான். "ஆண்டவர் மன்னிப்பார். அந்த மனுஷன்கிட்டயும் போய்க் கேளு" என்றார் அவர்.

அருளப்பன் தேடிப் போனபோது கலியபெருமாள் வீட்டு வாசலில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தான். அருளப்பன் கும்பிட்டான்.

"அன்னிக்கு நீங்க சொன்னது நெசங்க. நான் மூச்சு வாங்கினேன். என்னை மன்னிச்சிடுங்க."

கலியபெருமாள் வாளியைக் கீழே வைத்தான். "நெசமாவா வாங்கினீங்க?"

"தெரிஞ்சிதானே கத்தினீங்க?"

"எனக்கு ஒன்னும் தெரியலைங்க. புடி நழுவிப் போச்சு, வெக்கமா இருந்துச்சு, வாய்க்கு வந்ததச் சொன்னேன். புளுகன்னு கூப்புட்டப்ப, சரியாத்தான் கூப்புடறாங்கன்னு இருந்துட்டேன்."

அருளப்பன் கணக்குப் போட்டுப் பார்த்தான். தான் செய்த பாவம் இப்போது குறைந்ததா, கூடியதா? யார் யாரை மன்னிப்பது? சாமியார் இதற்கு வழி சொல்லி அனுப்பவில்லை.

கலியபெருமாள் மாட்டைத் தடவிக்கொடுத்தான். பிறகு கேட்டான்: "ஒங்கள மன்னிச்சா எம்பொய்யும் போயிடுமாங்க?"

"தெரியலைங்க" என்றான் அருளப்பன். அழுகை வந்துவிட்டது.

"சரி, போவுது. மன்னிச்சிட்டேன். ஒங்க சாமிகிட்ட போனா, எனக்கும் சேத்துக் கேளுங்க."