மேனேஜர் அறைக்குப் போன இரண்டு ஒயர்

போன வாரம் நான் வேலை பார்க்கும் பள்ளி அலுவலகத்துக்குப் புது நெட்வொர்க் ஸ்விட்ச் மாட்ட ஒரு தம்பி வந்தான். பெட்டி ஒன்றுதான். அதற்குள்ளேயே ஆபீசுக்கு ஒரு வி-லான், அதாவது தனித் தடம், பிள்ளைகளின் கம்ப்யூட்டர் அறைக்கு ஒரு வி-லான் என்று பிரித்தான். "இவங்களுது அவங்களுக்குப் போவாதுங்கம்மா" என்றான். எனக்கு வயிறு எரிந்தது. நாற்பது வருஷம் முன்னாலேயே வந்திருக்கக் கூடாதா, சாமி!

எண்பதுகளில் மாரண்டஹள்ளிப் பக்கம் ஒரு மாங்கூழ் ஃபேக்டரியில் டெலிபோன் போர்டில் உட்கார்ந்திருந்தேன். பத்து லைன். போன் வந்தால் ஒயரைச் சொருகி இணைத்துவிட வேண்டும். சீசனில் ரிசீவர்கூட மாம்பழமாக மணக்கும். இன்றைக்கும் மாம்பழம் நறுக்கினால் எனக்குக் கோபம் வருகிறது, வீட்டில் சிரிக்கிறார்கள்.

அங்கே கொட்டகையில் பழம் நறுக்கிய பச்சையம்மா என் சிநேகிதி. ஒருநாள் பெங்களூரிலிருந்து அவள் புருஷன் பேசினான். கொட்டகை லைனில் கொடுத்தேன். "மூணு மாசமுங்க. இங்க யாருக்கும் தெரியாது" என்றாள். கேட்டது நிஜம்தான், போர்டில் இருப்பவள் காது சும்மா இருக்குமா? ஆனால் யாரிடமும் மூச்சு விடவில்லை.

மறுநாளே மேனேஜர் அவளை வேலையை விட்டு நிறுத்திவிட்டான். (அவனுக்கு மரியாதையெல்லாம் தர மாட்டேன்.) "புள்ளத்தாச்சிக்கு இங்க என்ன வேலை?" என்றானாம்.

பச்சையம்மா நேரே என்னிடம் வந்தாள். "போர்டுல குந்திக்கிட்டுக் கேட்டவ நீதான? எங்க வூட்ல சோறு தின்னியேடி, நீ நல்லா இருப்பியா?" மண்ணை வாரித் தூற்றிவிட்டுப் போனாள்.

மூன்று நாள் சோறு இறங்கவில்லை. நான் சொல்லவில்லை என்றால் வேறு யார் கேட்டது என்று நாலாம் நாள் போர்டின் பின்பலகையைக் கழற்றினேன். கொட்டகை லைனில் கூடுதலாக இரண்டு ஒயர். பிடித்துக்கொண்டே போனால் மேனேஜர் அறை. அடப்பாவி! கள்ளத்தனமாக இன்னொரு போன் வைத்திருக்கிறான். கொட்டகையில் மணி அடித்தால் அங்கேயும் முனகும், எடுத்துக் கேட்பான்.

சொன்னால் யார் நம்புவார்கள்? அந்த இரண்டு ஒயரையும் கழற்றி முதலாளியின் லைனில் முறுக்கினேன்.

மறுநாள் முதலாளிக்குச் சேலத்திலிருந்து அவர் அண்ணன் பேசினார். முதலாளி குரல் என்று தெரிந்ததும் மேனேஜர் போனை வைத்திருக்கலாம். ஒட்டுக் கேட்டே பழகியவனுக்கு மனசு வருமா? கூடவே மூக்குப்பொடிப் பழக்கம் வேறு. லைனிலேயே தும்மினான். "எவன்டா அது?" என்று முதலாளி போய் அடுத்த அறைக் கதவைத் திறந்தார். அவன் காதில் ரிசீவர். சாயங்காலமே பெட்டியோடு பஸ் ஏறினான். ஜன்னலில் நின்று கண் குளிரப் பார்த்தேன்.

அப்படியே பச்சையம்மா வீட்டுக்கு ஓடினேன். பூட்டிக் கிடந்தது. புருஷனோடு பெங்களூர் போய்விட்டாளாம், விலாசம் யாருக்கும் தெரியவில்லை.

ஃபேக்டரி இப்போது வீட்டுமனை. போர்டு பழைய இரும்புக்குப் போயிற்று. அவனைப் பழிவாங்கியது எனக்கு மட்டும்தான் தெரியும். பச்சையம்மா எங்கோ பேரப்பிள்ளைகளிடம் இன்னும் என் பேரைச் சொல்லித்தான் திட்டிக்கொண்டிருப்பாள்.