இரவல் சேலை

அரக்கு நிறம், உடலெங்கும் வெள்ளைப் புள்ளி, மஞ்சள் கரை. சின்னாளப்பட்டிச் சுங்குடிச் சேலை அது. என்னுடையதல்ல. ஆனாலும் இந்தக் கிழ உடம்பில் இன்னும் அது சுற்றிக்கொண்டிருப்பதாகவே எனக்குத் தோன்றுகிறது.

ஐம்பதுகளின் கடைசியில் திண்டுக்கல் நாடகக் குழு ஒன்றில் பெண் வேஷம் கட்டிக்கொண்டிருந்தேன். ஒல்லி இடுப்பு, மெல்லிய குரல், லேசில் முளைக்காத மீசை, தகுதி அவ்வளவுதான். எங்களிடம் ராஜா உடுப்புகள் இருந்தன, நல்ல சேலை கிடையாது. நாடகம் போடும் ஊரிலேயே வீடுகளில் இரவல் வாங்கிக் கட்டுவது வழக்கம். கொடுத்த பெண்கள் முன்வரிசையில் உட்கார்ந்து, தங்கள் சேலை மேடையில் நடமாடுவதைப் பக்கத்திலிருப்பவளிடம் பெருமையாகக் காட்டுவார்கள். கதை அவர்களுக்கு இரண்டாம்பட்சம்.

செம்பட்டிக்கு அருகே ஒரு ஊர்த் திருவிழாவில் வள்ளி கதை போடுவதாகத்தான் பேச்சு. சேலை கேட்டுப் போனபோது, புருஷனை இழந்து அண்ணன் வீட்டில் ஒண்டியிருந்த ஒரு அக்கா பெட்டியைத் திறந்து இதை எடுத்துத் தந்தார். அவர் வெள்ளைச் சேலையில் இருந்தார். "நாந்தான் இனிமே கட்ட முடியாது. வள்ளியாச்சும் கட்டட்டும் அப்பு" என்று உதட்டோரமாகச் சிரித்தார். அந்தச் சிரிப்பு மனதில் நின்றுவிட்டது.

வேஷம் போட்டு முடித்த பிறகு கூட்டம் மனம் மாறியது. எங்கள் வாத்தியார் எழுதிய கொலை நாடகம் ஒன்று அப்போது சுற்றுவட்டாரத்தில் பேர் வாங்கியிருந்தது. கூழில் விஷம் வைத்துப் புருஷனைக் கொன்றதாகக் கன்னிவாடிப் பக்கத்துப் பெண் ஒருத்தி மீது வழக்கு நடந்து, கோர்ட்டில் அவளை விடுதலை செய்திருந்தார்கள். வாத்தியார் விடுதலை செய்யவில்லை. "விடுதலைன்னு முடிச்சா எவன்லே கைதட்டுவான்?" என்பார். "கொலைகாரி நாடகத்தப் போடுங்க" என்று இளவட்டங்கள் கத்தவும், அவர் திரைக்குப் பின்னால் வந்து, "ஏலே, வள்ளி வேணாமாம். அப்பிடியே போயி நில்லு" என்றார். சேலையை மாற்ற நேரமில்லை. மாற்றவேண்டும் என்று தோன்றவுமில்லை.

அன்று நான் நன்றாக நடித்தேன். அதைச் சொல்லத்தான் கூசுகிறது. கூழ்ச் சட்டியில் விஷத்தைக் கலக்கி, விரலை முந்தானையில் துடைத்துக்கொண்டு, கூட்டத்தைப் பார்த்து உதட்டோரமாகச் சிரித்தேன். அந்த அக்காவின் சிரிப்பு. சேலையோடு அதையும் இரவல் வாங்கியிருந்தேன், கேட்காமலே. பெண்கள் மண்ணை வாரித் தூற்றினார்கள். முன்வரிசையிலிருந்து அவர் எழுந்து, முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு போனார். பெண்கள் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள், பிறகு மேடையிலிருந்த சேலையைப் பார்த்தார்கள். ஏன் என்று அப்போது எனக்கு விளங்கவில்லை.

காலையில் சேலையை மடித்து எடுத்துக்கொண்டு போனேன். அந்த வீட்டு வாசலில் கூடிப் பேசிக்கொண்டிருந்தவர்கள் என்னைக் கண்டதும் பேச்சை நிறுத்தினார்கள். அக்கா வெளியே வந்தார். சேலையைக் கையில் வாங்கவில்லை.

"நான் கலக்கல அப்பு. கோர்ட்டுலயும் அதத்தான் சொன்னாக. எங்க அண்ணன் வீட்டத் தவிர இங்கன யாருக்கும் அந்த வழக்கு தெரியாம இருந்துச்சு. இப்ப நீ கலக்குனத ஊரே கண்ணால பாத்துருச்சே. இனி எதச் சொல்லி நான் இங்கன இருக்க?"

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் நிஜமாகவே என்னிடம் யோசனை கேட்பதுபோல இருந்தது. சேலையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு திரும்பி நடந்தேன்.

வாத்தியாரிடம் வந்து சொன்னேன். "அடுத்தது வத்தலக்குண்டு. சேலையப் பத்திரமா வச்சுக்க" என்றார். வைத்துக்கொண்டேன். அது கிழியும்வரை அந்த நாடகத்தை அதே சேலையில்தான் ஆடினேன். வாத்தியார் சொன்னார் என்பது பாதிதான் உண்மை. கைதட்டல் எனக்கும் வேண்டியிருந்தது. பிறகொரு முறை அந்த வழியாகப் போனபோது அக்கா அந்த ஊரில் இல்லை. ஒருவரிடம் கேட்டேன், எங்கே போனார் என்று அவர் சொல்லவில்லை. நானும் இரண்டாவது ஆளிடம் கேட்கவில்லை.

இப்போது என் மருமகள் டிவியில் ஒரு தொடர் பார்க்கிறாள். உண்மைச் சம்பவம் என்று ஆரம்பத்திலேயே எழுத்துப் போடுகிறார்கள். நேற்று அதில் ஒருத்தி பால் தம்ளரில் எதையோ கலக்கினாள். "பாத்தீகளா மாமா, இவதான்னு நான் அப்பவே சொன்னேன்ல?" என்றாள் மருமகள். நான் அந்த நடிகை கட்டியிருந்த சேலையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அதன் சொந்தக்காரி எந்த வீட்டில் உட்கார்ந்து இதைப் பார்க்கிறாளோ.